வாஷிங் மெஷின் கம்பெனி

"அவங்க இவ்ளோ தூரம் வளருவாங்கன்னு நான் அன்னிக்கே ப்ரெடிக்ட் பண்ணினேன்" என்றார் மௌலி, மைக்கை முழுங்கிவிடுவது போலப் பிடித்துக்கொண்டு.

கலிஃபோர்னியாவில் இருக்கிற டப்ளினில் ஒரு கம்யூனிட்டி சென்டர் ஹால். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பின்னால் மேஜையில் சமோசாவும் பிளாஸ்கில் டீயும் இருந்தன. டீயில் இஞ்சி தூக்கல். முன்வரிசையில் சங்கத்துப் பிரமுகர்கள், பின்வரிசையில் என்னைப் போல் சமோசாவுக்கு வந்தவர்கள். திரையில் கொட்டை எழுத்தில் 'ஐரோப்பியச் சிப்பின் எழுச்சி: நாம் கற்க வேண்டிய பாடங்கள்' என்று தலைப்பு. கீழே ஒரு ஐரோப்பியக் கம்பெனியின் தொழிற்சாலைப் படம் ஒன்று, மௌலியின் படம் ஒன்று. மௌலியின் படம்தான் பெரிது.

எனக்குச் சமோசா தொண்டையில் நின்றது.

போன வாரம், ஃப்ரீவேயில் கார் ஓட்ட என் வீட்டுக்காரர் ரமேஷ் எனக்குக் கற்றுக்கொடுத்த லட்சணத்தை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த வாரம் அவர் நிம்மதியாக இருக்கலாம். இது மௌலியின் வாரம்.

மௌலி என்பது நான் வைத்த பெயர். அந்த ஐரோப்பியக் கம்பெனியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் மௌலி சான் ஹோசேயில் ஒரு சின்ன சிப் கம்பெனி நடத்தினார். மின்சாரக் காரில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்காருகிற சிப். நான் அங்கே டெஸ்ட் எஞ்சினியர். சிப்பை அடுப்பில் போட்டு வறுப்பது, பிறகு உறைய வைப்பது, மறுபடி வறுப்பது, எப்போது உயிரை விடுகிறது என்று பார்ப்பது. கொலைத் தொழில்தான். சூடான போர்டு வாசனை தலைமுடியில் ஏறிவிடும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் பக்கத்தில் நிற்கிற மாமி மூக்கைச் சுளிப்பாள்.

பெயர் சொல்லிக் கூப்பிடாத கம்பெனி

அந்த ஐரோப்பியக் கம்பெனியை அப்போது எங்கள் வட்டாரத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'வாஷிங் மெஷின்காரங்க' என்போம். ஏதோ ஒரு மலையடிவாரத்துச் சிற்றூரில் ஆரம்பித்த கம்பெனி. வாஷிங் மெஷினைச் சுற்ற வைக்கிற சிப், லிஃப்ட் கதவைத் திறக்கிற சிப், கார் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற சிப் என்று இதையே தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது சிப்பே இல்லை. போனுக்குள் இருந்தால் சிப். கம்ப்யூட்டருக்குள் இருந்தால் சிப். வாஷிங் மெஷினுக்குள் இருப்பது வெறும் ஸ்பேர் பார்ட்.

ஆளுக்கொரு சமையல் கொண்டுவருகிற பாட்லக் விருந்துகளில் இதைப் பார்க்க வேண்டும். "பையன் எங்கம்மா வேலை பாக்கறான்?" என்று ஒரு ஆன்ட்டி கேட்பாள். பெரிய போன் கம்பெனி பெயரைச் சொன்னால் தட்டில் இன்னொரு மெதுவடை விழும். இந்தக் கம்பெனி பெயரைச் சொன்னால் ஒரு "ஓ" மட்டும் வரும். அந்த "ஓ"வைக் கேட்ட பிறகு அந்தப் பையனுக்குப் பெண் கிடைப்பது கஷ்டம்.

வாஷிங் மெஷின் என்றதும் ஞாபகம் வருகிறது. நாங்கள் முதலில் நியூ ஜெர்சியில் இருந்தோம். பிரிட்ஜ்வாட்டரில் வாங்கிய வீட்டின் பேஸ்மெண்டில் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஒரு ஐரோப்பிய மெஷின் இருந்தது. இரும்புப் பெட்டி மாதிரி கனம். என் இரண்டு பிள்ளைகளின் துணியையும் முணுமுணுக்காமல் துவைத்தது. ரமேஷுக்கு அதைக் கண்டால் ஆகாது. "வர்றவங்க என்ன நினைப்பாங்க" என்பார். பேஸ்மெண்டுக்கு எவர் வரப் போகிறார் என்று நான் கேட்டால் பேச்சை மாற்றுவார். கடைசியில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தொடுதிரை வைத்த புதிது ஒன்று வாங்கினார். துணி துவைத்து முடித்ததும் அது ஒரு பாட்டுப் பாடும். இரண்டாவது குளிர்காலத்தில் பாட்டு நின்றது. கூடவே மெஷினும் நின்றது. ரமேஷ் அன்றைக்கும் தன் முடிவு சரி என்றுதான் சொன்னார்.

சரி, சான் ஹோசேக்கு வருவோம்.

ஐந்து மணிக்கு லேப்டாப்பை மூடுகிறவர்கள்

அந்தக் கம்பெனி எங்கள் சிப்பைப் பார்க்க ஆட்களை அனுப்ப ஆரம்பித்தது. யோஹன் என்று ஒருவர் தலைமை. மெலிந்த மனிதர், ஒரே பழுப்பு ஸ்வெட்டர். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் முடியும்வரை வாயைத் திறக்காமல் இருப்பார். எங்கள் ஆபீசில் அந்தப் பழக்கம் யாருக்கும் இல்லாததால், அவருக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைத்தோம்.

மத்தியானம் மௌலி பீட்ஸா வரவழைத்து, மீட்டிங்கை நிறுத்தாமல் சாப்பிடச் சொல்வார். யோஹன் குழு எழுந்து வெளியே போய், மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, காய்ந்த ரொட்டியைப் பொறுமையாக மென்றுவிட்டு வரும். அந்த ரொட்டியைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். ஐந்து மணி ஆனால் லேப்டாப்பை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு மெயிலுக்குப் பதில் கிடையாது. ஆகஸ்ட் வந்தால் கேட்கவே வேண்டாம். கம்பெனியே கடையைச் சாத்தியது போல் ஆகிவிடும். யாருக்கு எழுதினாலும், விடுமுறையில் இருக்கிறேன், செப்டம்பரில் பார்க்கிறேன் என்று தானாக ஒரு பதில் வரும்.

"அஞ்சு மணிக்கு லேப்டாப்பை மூடறவன் என்னத்தைச் சாதிக்கப் போறான்?" என்பார் மௌலி. எல்லோரும் சிரிப்போம். நாங்கள் ராத்திரி பகலாக உழைத்து என்ன சாதித்தோம் என்று அப்போது எவரும் கேட்கவில்லை. வைத்திருந்த பணம் கரைந்துகொண்டே வந்ததுதான் சாதனை.

என்னோடு லேபில் கவிதா என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். ஈரோட்டுப் பெண். வாய் ஓயாமல் பேசுவாள், டப்பாவில் எள்ளுருண்டை கொண்டுவந்து எல்லோர் வாயிலும் திணிப்பாள். எச்1பி விசாவின் ஆறு வருஷமும் முடியப் போகிற நிலைமை. கணவர் சரவணன் அவளுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு இருந்தார், வேலைக்குப் போக அனுமதி இல்லை. மகள் நிலா இங்கே பிறந்தவள், ஒன்றாம் வகுப்பு. கிரீன் கார்டுக்கு எங்கள் கம்பெனி போட்ட விண்ணப்பம் முதல் படியிலேயே நின்றிருந்தது. ஐரோப்பியர்கள் எங்களை வாங்கினால் அந்த விண்ணப்பம் அவர்கள் பெயருக்கு மாறித் தொடரும். கம்பெனி மூடினால் அதுவும் அதோடு செத்துவிடும், மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதை வக்கீல் அவளுக்கும் மௌலிக்கும் சேர்த்து வைத்துத்தான் சொன்னார். அந்த அறையில் நானும் இருந்தேன்.

போகிற மாதிரி போவது

ஜூலையில் ஐரோப்பியர்கள் எங்கள் கம்பெனியை மொத்தமாக வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். சிப்பும் வேண்டும், அதைச் செய்த ஆட்களும் வேண்டும் என்றார்கள். கையெழுத்துதான் பாக்கி. கவிதா அன்றைக்கு லேபில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அக்கா, இனி நிலாவுக்கு ஸ்கூல் மாத்த வேண்டியதில்லீங்க்கா" என்றாள்.

மௌலிக்கு மட்டும் சந்தோஷம் இல்லை.

"இவ்ளோ ஈஸியா ஓகே சொல்றாங்கன்னா, இன்னும் குடுக்க ரெடியா இருக்காங்கன்னுதானே அர்த்தம்?" என்றார்.

மௌலி மாம்பலத்தில் வளர்ந்தவர். பாண்டி பஜாரில் பேரம் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர் ஒரு விலை சொல்வார், நாம் பாதி சொல்வோம். அவர் நெஞ்சில் கை வைப்பார். நாம் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். மெதுவாக நடக்க வேண்டும், காது மட்டும் பின்னால் இருக்க வேண்டும். பக்கத்துக் கடையைத் தாண்டுவதற்குள் "இந்தாம்மா, வாங்க, எடுத்துட்டுப் போங்க" என்று குரல் வரும். கூப்பிடுவார் என்று நமக்குத் தெரியும். நாம் நிஜமாகப் போகவில்லை என்று அவருக்கும் தெரியும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. நானே எத்தனையோ புடவை அப்படி வாங்கியிருக்கிறேன்.

மௌலி அந்த ஆட்டத்தை மெயிலில் ஆடினார். ஜூலை கடைசியில் யோஹனுக்கு எழுதினார். டெக்சாஸில் ஒரு பெரிய கம்பெனி எங்களை வாங்கத் தயாராக இருக்கிறது, ஆகஸ்ட் நடுவுக்குள் நீங்கள் விலையை ஏற்றாவிட்டால் அவர்களோடு முடித்துக்கொள்கிறோம், எங்கள் எஞ்சினியர்கள் எல்லோரும் ஆஸ்டின் போகச் சம்மதித்துவிட்டார்கள் என்று.

டெக்சாஸில் அப்படி ஒரு கம்பெனி இல்லை. ஆஸ்டினிலிருந்து வந்த ஒருவர் எப்போதோ மௌலியோடு தோசை சாப்பிட்டார். அவ்வளவுதான் டெக்சாஸ்.

யோஹனிடமிருந்து உடனே பதில் வந்தது. விடுமுறையில் இருக்கிறேன், செப்டம்பரில் பார்க்கிறேன். தானாக வருகிற அதே பதில். மௌலி அதை எங்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு, "பாத்தீங்களா, வாயடைச்சுப் போயிட்டாங்க" என்றார்.

சுண்டலும் வெற்றிச் செய்தியும்

அந்த வருஷம் வரலட்சுமி நோன்புக்கு மௌலி வீட்டில் கூட்டம். அவர் மனைவி ஹேமா அம்மனுக்கு அரக்கு நிறத்தில் பட்டுச் சாத்தியிருந்தாள். வாசலில் செருப்புக் குவியல், உள்ளே தாழம்பூ ஊதுவத்தி வாசனை. பெண்கள் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கொழுக்கட்டையில் இருந்தோம். ஆண்கள் சமையலறை மேடையைச் சுற்றி நின்று சுண்டலைத் தின்றுகொண்டே உலகத்தை நிர்வகித்துக்கொண்டிருந்தார்கள்.

"டெட்லைன் தாண்டிடுச்சு. ஒரு பேச்சு மூச்சு இல்ல" என்றார் மௌலி. "பயந்துட்டாங்க. செப்டம்பர்ல பாருங்க, விலையைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவாங்க."

"வாஷிங் மெஷின்காரங்களை நல்லா துவைச்சுட்டீங்க மௌலி" என்றார் ஒருவர். ரமேஷும் சிரித்தார். அதை நான் மறக்க மாட்டேன்.

கவிதா கையில் வெற்றிலைத் தட்டோடு மேடைக்குப் போனாள். "சார், அவங்க லீவுல இருக்காங்க. நம்ம மெயிலையே பாத்திருக்க மாட்டாங்க. டேட்டை எக்ஸ்டெண்ட் பண்றோம்னு ஒரு வரி போட்டுருங்க சார். இல்லைன்னா நான் யோஹனுக்கு ஒரு மெயில் போடட்டுங்களா?"

மௌலி சிரித்தார். குழந்தையிடம் பேசுவது போலக் குனிந்து பேசினார். "கவிதா, கிளம்பிட்டுத் திரும்பிப் பாத்தா கடைக்காரன் கூப்பிடுவானா? நீ டென்ஷன் ஆகாதே. உன் ஃபைலை நான் பாத்துக்கறேன். ஆனா நீ ஒரு மெயிலும் போடக் கூடாது. அது டீலுக்கே கெடுதல். புரியுதா?"

"லீவுல இருக்கறவன்கிட்ட என்ன சார் கெத்து?" என்று நான் கேட்டேன்.

"நீங்க டெஸ்ட் பண்ணுங்க மேடம். பிசினஸை நான் பாத்துக்கறேன்" என்றார்.

பக்கத்து அறையில் நிலா மற்ற குழந்தைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா அங்கே போய் உட்கார்ந்து, அவளுக்குப் பின்னல் போட்டுவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செப்டம்பர்

செப்டம்பர் முதல் வாரத்தில் யோஹன் வீடியோவில் கூப்பிட்டார். முகமெல்லாம் வெயிலில் சிவந்து, மூக்கு உரிந்திருந்தது. வழக்கமான வாராந்திரப் பேச்சு என்பதால் கவிதாவும் நானும் அறையில் இருந்தோம். மௌலி நாற்காலியில் சாய்ந்து, எவ்வளவு தருவீர்கள் என்று கேட்கத் தயாராக இருந்தார்.

யோஹன் முதலில் வாழ்த்துச் சொன்னார்.

டெக்சாஸ் கம்பெனியோடு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறோம் என்றார். நாங்கள் திரும்பி வந்தபோது நீங்கள் சொன்ன தேதி தாண்டிவிட்டது, உங்கள் முடிவை மதிக்கிறோம் என்றார். தங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் குழு இதே வேலையைச் செய்கிறது, நேற்று அவர்களோடு கையெழுத்துப் போட்டுவிட்டோம் என்றார். ஒரு குறையும் இல்லாத குரல். குத்திக் காட்டினால்கூடத் தாங்கியிருக்கலாம்.

மௌலி நிமிர்ந்து உட்கார்ந்தார். அது நெகோஷியேஷன், அப்படித்தான் எல்லோரும் பேசுவார்கள், டெக்சாஸ் என்று உறுதியாக ஒன்றும் இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். யோஹன் வழக்கம்போல் முடியும்வரை கேட்டார்.

"அப்படியானால் நீங்கள் எழுதியது உண்மை இல்லையா?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். அவர்களுடைய ஊரில் போகிறேன் என்றால் போகிறேன்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சில் ஒன்றும் மிச்சம் இல்லை.

கவிதா அன்றைக்கே யோஹனுக்குத் தனியாக எழுதினாள். அவரோ, எங்களோடு வேலை செய்ய நீங்கள் தயாராக இருந்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியாதே, எல்லோரும் ஆஸ்டின் போவதாக அல்லவா மெயிலில் இருந்தது என்று வருத்தத்தோடு பதில் எழுதினார். தன் வக்கீலையும் கேட்டுப் பார்த்தார். புதிதாக விண்ணப்பம் போட்டால் கவிதாவின் விசா காலத்துக்குள் முடியாது என்று அந்த வக்கீல் சொல்லிவிட்டார்.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் வருவதற்குள் எங்கள் ஆபீசைப் பூட்டினோம். மௌலி அமெரிக்கக் குடிமகன். காலண்டர் மாறுவதற்குள் ஆஸ்டினில் ஒரு கம்பெனியில் வைஸ் பிரெசிடெண்ட் ஆகிவிட்டார். கடைசி நாள் கவிதாவிடம் "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிக் கை குலுக்கினார். யாருடைய நல்லதுக்கு என்று சொல்லவில்லை.

கவிதா குடும்பத்தைச் சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். காரில், "ஆன்ட்டி, வென் ஆர் வி கமிங் பேக்?" என்று நிலா என்னைக் கேட்டாள். அவள் அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் குழந்தையிடம் பொய் சொல்ல வரவில்லை, உண்மையும் வரவில்லை. ஸீட் பெல்ட்டைச் சரி செய்வது போல் அவள் தலையைத் தடவினேன்.

எழுச்சி என்றால் இதுதான்

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஊரடங்குக்குப் பிறகு உலகம் முழுக்கச் சிப்புக்குத் தட்டுப்பாடு. சீட்டில் தோல் வைத்து, பெயிண்ட் அடித்து, கதவு மாட்டிய புதுப் புது டிரக்குகள் ஓடாமல் வெட்டவெளியில் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் இல்லாதது கண்ணாடி ஏற்றுகிற, பிரேக் பிடிக்கிற அந்த ஸ்பேர் பார்ட் சிப். மலையடிவாரத்துச் சிற்றூருக்குப் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் விமானம் ஏறிப் போய்க் காத்துக்கிடந்தார்கள். ஆகஸ்டில் போனவர்கள் செப்டம்பர்வரை காத்துக்கிடந்தார்கள் என்று கேள்வி.

அதற்குப் பிறகு மின்சாரக் கார் பெருகியது. எங்களுக்குப் பதிலாக அவர்கள் வாங்கிய அந்தச் சின்னக் குழுவின் சிப் இன்றைக்கு எங்கள் தெருவில் பாதிக் கார்களில் ஓடுகிறது. இப்போது ஏஐ டேட்டா சென்டருக்கு மின்சாரம் ஊட்டவும் அவர்களுடைய சிப்தான் வேண்டுமாம். அவர்கள் மாறவில்லை. இன்றைக்கும் ஐந்து மணிக்கு லேப்டாப்பை மூடுகிறார்கள். எங்கள் ஆட்கள்தான் மாறிவிட்டார்கள். பாட்லக்கில் இப்போது அந்தக் கம்பெனிப் பெயரைச் சொன்னால் இரண்டு மெதுவடை விழுகிறது.

கவிதா கோயம்புத்தூரில் இருக்கிறாள். சில காலம் வேலை இல்லாமல் இருந்துவிட்டு, இப்போது ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிறாள். நிலாவுக்குப் பதின்மூன்று வயது. போன புதிதில் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் யாரோடும் பேசவில்லையாம். இப்போது சரளமாகத் தமிழ் பேசுகிறாள், என்னிடமும்தான். கவிதா போனில் பழசைப் பற்றிப் பேச மாட்டாள். நான் ஆரம்பித்தால், "விடுங்க்கா, வேற சொல்லுங்க" என்பாள். எள்ளுருண்டை இப்போது செய்வதில்லையாம்.

கேள்வி நேரம்

மேடையில் மௌலி முடிக்கும் கட்டத்துக்கு வந்திருந்தார். "அந்தக் கம்பெனியோட ரொம்ப க்ளோஸா ஒர்க் பண்ணினவன் நான். அவங்ககிட்ட நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. பொறுமை." ஹாலில் கைதட்டல். முன்வரிசையில் ஒருவர் அதைப் போனில் குறித்துக்கொண்டார்.

கேள்வி கேட்கலாம் என்றார்கள். நான் எழுந்தேன். "வேணாம், விட்டுடு" என்று ரமேஷ் என் புடவைத் தலைப்பைப் பிடித்தார். உருவிக்கொண்டு போய் மைக்கை வாங்கினேன். திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். மைக்கைப் பிடித்ததும் எல்லாம் போய்விட்டது. ஒன்று மட்டும் கேட்டேன்.

"மௌலி சார், கவிதா என்ன ஆனான்னு தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அடையாளம் தெரிந்த புன்னகைதான். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் நடிக்கவில்லை.

"எந்தக் கவிதா?" என்றார்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். "நானும் கவிதாதாங்க, என்னையா கேக்கறாங்க?" ஹால் முழுக்கச் சிரித்தது. மௌலியும் சிரித்தார். ஒரு தொண்டர் பையன் என் கையிலிருந்து மைக்கை மரியாதையாக வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் கொடுத்தான்.

அந்தக் கம்பெனி ஷேரை இப்போது வாங்கலாமா, இன்னும் கொஞ்சம் இறங்குமா என்று அவர் கேட்டார். அதற்கு மௌலி வெகுநேரம் பதில் சொன்னார்.